ஓடையின் எந்தப் பக்கம்

“இவர் இப்ப ஒவ்வொரு நாளும் காட்டுக்குள்ளை நடக்கிறார். இஞ்சை மரங்களிலை பெயின்ற் அடிச்சு அடையாளம் வைச்சிருக்கிறாங்கள். அதைப் பாத்துக்கொண்டே போகலாமாம். எங்கை போறார் எண்டு நான் கேக்கிறேல்லை. நீ வந்தால் உனக்கும் காட்டுவார்.”

1993 செப்டெம்பர் 12 என்று திகதியிட்டு, ஜேர்மனியிலிருந்து அக்கா அத்தானைப் பற்றி எனக்கு எழுதிய கடிதத்தின் வரிகள் இவை. அக்கா பேசுவது போலவே எழுதுவாள். கடிதம் சட்டனிலுள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை, வழக்கம்போல ஜெஃப்புடன் நடக்கப் போனேன். ஜெஃப் கவுன்சில் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசைக்காரர். சரே மாவட்டக் குன்றுகளில் அவர் நடக்காத பாதை இல்லை. அவர் வீட்டு வாசலில் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருக்கும்போது அவருடைய மனைவி கோப்பையும் கையுமாக வந்து நின்று, “இன்றைக்கு எங்கே?” என்று கேட்பார். ஜெஃப் எந்த நிலையத்தில் இறங்குகிறோம், எந்தக் குன்று, எந்த பப்பில் சாப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒப்பிப்பார். அது போதாதென்று ஒரு துண்டில் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டியும் வைப்பார்.

1986இல் முதன்முதல் இதைப் பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் படியிறங்குகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வாய் தவறிக் கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி உள்ளே வந்து, கதிரையில் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடியும் புறப்படுவார். போக்கு மறிபடக் கூடாது என்பதுதான் காரணம். அன்று ஜெஃப்பின் வாசலில் எனக்கும் திரும்பி உள்ளே போய் இருக்க வேண்டும் போலிருந்தது. ரயிலில் இதை அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் நீங்கள் திரும்பி வராவிட்டால் உங்கள் ஆட்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?” என்று கேட்டார். நான்தான் சிரித்தேன்.

அக்காவும் அத்தானும் இருந்தது ஐஃபெல் என்ற மலைக்காட்டுப் பகுதியில் ஒரு சிற்றூர். பூட்டிக் கிடந்த பேக்கரி ஒன்றின் மேல்மாடியில் அவர்களுக்கு இரண்டு அறை ஒதுக்கியிருந்தார்கள். அத்தான் தர்மகுலசிங்கம் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்தவர். 1990இல் ஜேர்மனிக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டார். மூன்று வருடமாகியும் முடிவு வரவில்லை. வேலை செய்ய அனுமதி இல்லை. அதைவிட விசித்திரமான ஒரு சட்டமும் இருந்தது. விண்ணப்பம் முடியும்வரை, தங்களுக்குக் குறித்த ‘க்றைஸ்’ எனப்படும் மாவட்டத்தின் எல்லையை அவர்கள் தாண்டக் கூடாது. தாண்டுவதானால் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அத்தான் முதல் வருடமே, வேறொரு நகரத்தில் இருந்த கோயிலுக்குத் தேர் பார்க்கப் போய், ரயிலில் பிடிபட்டுக் குற்றப்பணம் கட்டியிருந்தார். இன்னொரு முறை பிடிபட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும், அது விண்ணப்பத்தையும் கெடுக்கும் என்று எச்சரித்திருந்தார்கள். நானோ 1979இல் கணக்கியல் படிக்கவென்று லண்டனுக்கு வந்து, பத்து வருடத்தில் பிரித்தானியக் கடவுச்சீட்டும் எடுத்துவிட்டவன். அந்த ஒக்ரோபரில் டோவரில் கப்பலேறி ஒஸ்ரெண்டில் இறங்கி, பெல்ஜியத்தைக் குறுக்கறுத்து ரயிலில் போனேன். இரண்டு நாட்டு எல்லைகளில் என் கடவுச்சீட்டை ஒருவர் மட்டுமே விரித்துப் பார்த்தார். நான் போய் இறங்கிய ஊரில், பக்கத்து மாவட்டத்துச் சந்தைக்குப் போய் ஒரு மீன் வாங்க அத்தானால் முடியாது.

ஐஃபெல் எரிமலைப் பூமி. கடைசியாகக் குமுறிப் பத்தாயிரம் வருடங்களுக்கு மேலாகிறதாம். எரிமலை என்றால் உச்சியில் புகை வரும் கூம்பு ஒன்றைத்தான் நான் எதிர்பார்த்தேன். அங்கே இருந்தவை பீச் மரங்கள் மூடிய உருண்டைக் குன்றுகளும், யாரோ கவராயம் வைத்துக் கீறியது போன்ற வட்டமான ஏரிகளும். ஒவ்வொரு ஏரியும் பூமி ஒருகாலத்தில் வெடித்த வாய். போன மறுநாள், வெள்ளிக்கிழமை, அத்தான் என்னை அப்படியொரு ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். கரையோரத்தில் ஓரிடத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்து குமிழிகள் விடாமல் எழுந்துகொண்டிருந்தன.

“பாத்தியே தம்பி,” என்றார் அத்தான். “உள்ளுக்கை அடுப்பு இன்னும் நூரேல்லை.”

யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, இப்படிப்பட்ட காடும் இல்லை. எங்கே நின்றாலும் பனைகளுக்கு மேலால் ஏதாவதொரு கோபுரமோ தண்ணீர்த் தாங்கியோ தெரியும்; திசை தவறாது. அந்த மண்ணில் நாற்பது வருடம் திரிந்த மனிதர், இலை உதிர்ந்து தடம் மறைந்த காட்டுக்குள் என்னை முந்திக்கொண்டு நடந்தார். மரங்களில் இரண்டு விதமான அடையாளங்கள் இருந்தன. வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்பு ஆப்பு என்றால் நெடுந்தூரப் பாதை. அது நாட்கணக்கில் போகும். வட்டத்துக்குள் இலக்கம் என்றால் சுற்றுப்பாதை. வாகனத் தரிப்பிடத்தில் தொடங்கி அங்கேயே வந்து முடியும். அத்தான் ஆப்பைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

“அது எங்கையோ கொண்டுபோய் விட்டிடும். எனக்கு வட்டம்தான் சரி. வெளிக்கிட்ட இடத்துக்கே திருப்பிக் கொண்டு வந்திடுவான்.”

ஆனால் ஐந்தாம் இலக்கச் சுற்றுப்பாதையில் ஒரு சிக்கல் இருந்தது. பாதி வழியில் அது ஒரு ஓடையைப் பலகைப் பாலத்தால் கடந்து, அக்கரையில் கொஞ்சத் தூரம் போய், இன்னொரு பாலத்தால் திரும்பி வரும். ஓடைதான் மாவட்ட எல்லை. பாதை போட்டவர்களுக்கு அது தெரிந்திருக்கும். அவர்களுக்கு அது பொருட்டில்லை. அத்தான் பாலத்தடியில் நின்றுவிட்டார்.

“நீ வேணுமெண்டால் போட்டு வா. நான் இதிலை நிக்கிறன்.”

“ஆர் அத்தான் இந்தக் காட்டுக்கை வந்து பாக்கப்போறான்?”

“தேர் பாக்கப் போகேக்கையும் கொக்கா உப்பிடித்தான் சொன்னவ,” என்றார், என் அக்காவைச் சொல்லி.

நானும் கடக்கவில்லை. இருவரும் பாலத்தடியில் நின்று அக்கரையைப் பார்த்தோம். முன்னொரு காலத்தில் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையை வெட்டித் திரிகைக்கல் செய்த பள்ளக் கிடங்குகள் அங்கே பாசி பிடித்துக் கிடந்தன. கிடங்குகளைச் சுற்றி உடைந்த கருங்கற்கள். அத்தான் குனிந்து காலடியில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தேன்கூடு போலத் துளைகள்.

“ஊரிலை அம்மியை வரியத்துக்கு ஒருக்காக் கொத்துவிக்க வேணும். உது கொத்தத் தேவையில்லை. தேயத் தேயப் புதுத் துளை வரும். இஞ்சாலை கிடக்கிறது பொருக்கு, உடைஞ்சிடும். அங்காலை கிடக்கிறதுதான் கல்லு.” பிறகு கல்லை ஓடைக்குள் எறிந்தார். “கொக்கா மிக்சியிலை அடிச்ச சம்பலைத் தின்னுறேல்லை. மூண்டு வரியமா முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கிறா.”

மறுநாள் 1993 ஒக்ரோபர் 16, சனிக்கிழமை. எனக்குத் தடிமனும் இருமலும் பிடித்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தோள்பையை எடுத்தார். எந்தப் பாதையால் போகிறீர்கள் என்று கேட்க நான் வாய் திறந்தேன். அக்கா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். “போட்டு வாறன்” என்றார் அத்தான். அக்கா தலையாட்டினாள். அவ்வளவுதான்.

அந்த வருடம் ஐரோப்பாவில் செப்டெம்பர் கடைசியிலேயே மணிக்கூட்டைப் பின்வைத்துவிட்டார்கள். பிரித்தானியா ஒக்ரோபர் கடைசியில்தான் வைத்தது. இடைப்பட்ட அந்த வாரங்களில் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். ஆகவே என் கைக்கடிகாரத்தை நான் மாற்றவேண்டியிருக்கவில்லை. அதை நம்பி, லண்டனில் இருட்டுகிற நேரத்துக்குத்தான் கிழக்கே கிடக்கிற இங்கேயும் இருட்டும் என்று இருந்தேன். ஐந்து மணிக்கு யன்னலால் பார்த்தேன். காட்டின் மேலிருந்து மூடுபனி இறங்கித் தெருவின் கடைசி வீட்டை விழுங்கியிருந்தது. அரை மணியில் தெருவிளக்குகள் எரிந்தன.

“இந்த நேரத்துக்கு வந்திடுவார்,” என்றாள் அக்கா. கொஞ்சம் பொறுத்து, “வந்திருக்க வேணும்,” என்றாள்.

பொலிசுக்குச் சொல்வோம் என்றேன் நான். அக்கா மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தாள்.

“சொன்னால் ஆளைக் கண்டுபிடிப்பாங்கள். அங்காலை வைச்சுக் கண்டுபிடிச்சாங்களெண்டால்?”

“குளிருக்கை கிடந்தால் என்ன செய்யிறது அக்கா?”

“நீ பாஸ்போட்டோடை கதைக்கிறாய்.”

எனக்கு அது சுட்டது. ஆனால் அவள் சொன்னது சரி. எண்பதுகளின் நடுவில், சுற்றிவளைப்பு நாட்களில், அக்கா இருந்த ஒழுங்கையில் ஆண்கள் விடியமுன் எங்காவது போய்விடுவார்களாம். ஆமிக்காரன் வந்து பெண்களை வரிசையில் நிறுத்தி, புருஷன் எங்கே என்று கேட்பான். தெரியாது என்பாள் அக்கா. அது பொய்யில்லை. பொய்யில்லாததால் அவளுடைய முகத்தில் ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் கேட்டு வைத்திருந்தவள். அவளுடைய முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. நான் லண்டனில் இருந்துகொண்டு, போகிறவரைக் கேட்கக் கூடாது என்பது சகுனம் பார்க்கிற பழக்கம் என்றுதான் ஜெஃப்புக்குச் சொல்லியிருந்தேன். அது பாதிக் கதைதான். நான் ஊரை விட்ட பிறகு அந்தப் பழக்கத்துக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்திருந்தது.

“கேட்டால் தெரிஞ்சிடும்,” என்றாள் அக்கா அன்று, துணியை மடித்தபடி. “தெரிஞ்சால் சொல்ல வேண்டி வரும். அதுதான் நான் இஞ்சையும் கேக்கிறேல்லை.”

ஆறு மணிக்கு அவளே கீழே போய்த் தெருமுனை டெலிபோன் கூண்டிலிருந்து பொலிசுக்கு அடித்தாள். என்னைக் கூட வரவேண்டாம் என்றாள்.

வந்தவர்கள் இருவர். ஒருவர் இளம் பொலிஸ்காரர். ஓரளவு ஆங்கிலம் தெரியும். மற்றவர் அறுபதை நெருங்கிய வன அலுவலர், பச்சை மேலங்கி, கூட ஒரு நாய். பொலிஸ்காரர் முதலில் அக்காவிடம் ஜேர்மன் மொழியில் கேட்டார். எந்தப் பாதையால் போனார்? தெரியாது. சொல்லவில்லையா? இல்லை. நீங்கள் கேட்கவில்லையா? இல்லை. ஒருபோதுமே கேட்பதில்லையா? அக்கா “நைன்” என்றாள். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இவர்களுக்குள் சண்டையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இல்லை, எங்கள் வழக்கம் அப்படி என்றேன். கணவன் எங்கே போகிறான் என்று மனைவி கேட்காததா வழக்கம் என்றார். கேட்டால் கூடாது என்றேன். யாருக்குக் கூடாது என்றார். நான் சொல்லச் சொல்ல அது எனக்கே நம்பும்படியாக இல்லை. அவர் அனுமதி கேட்காமலே படுக்கையறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து, சூட்கேஸ் இருக்கிறதா, குளிர் உடுப்பு குறைகிறதா என்று பார்த்தார். ஹொலந்துக்கோ பிரான்சுக்கோ போய் மறுபடி விண்ணப்பம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படிப் போன ஒருவரைக் காட்டில் தேடி இரவை வீணாக்க முடியாது என்றார். அவர் கேட்டது ஒருவகையில் நியாயம்தான். ஆனால் அக்காவுக்கு விளங்கியது வேறு.

“என்னை விட்டிட்டுப் போட்டார் எண்டே சொல்லுறான்?” என்று கேட்டாள் என்னிடம். “அவரின்ரை நல்ல சப்பாத்தும் கிடக்கு. மருந்தும் கிடக்கு. சொல்லடா அவனுக்கு.”

அதுவரை பேசாமல் நின்ற வன அலுவலர் அக்காவிடம் மெதுவாக ஒன்றைக் கேட்டார். எங்கே போனார் என்றில்லை. எதை எடுத்துக்கொண்டு போனார் என்று.

அக்கா சுற்றிவரப் பார்த்தாள். பிறகு கதிரை போட்டு ஏறி, குசினி அலுமாரியின் மேல்தட்டைத் தடவினாள். பக்கத்து வீட்டுக்காரர் கதவு திருத்தத் தந்து வைத்திருந்த சுத்தியலும் உளியும் அங்கே இல்லை. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அக்காவைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்:

“அம்மிக் கல்லு எடுக்கப் போட்டார். பாலத்துக்கு அங்காலை.”

“அங்காலையோ?”

“அங்காலை கிடக்கிறதுதான் நல்ல கல்லெண்டு நேற்றுச் சொன்னவர்.”

பொலிஸ்காரர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்கு ஏதோ தெரியும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. சொன்னால் அத்தானின் மூன்று வருடக் காத்திருப்பு போகலாம். சொல்லாவிட்டால் ஆளே போகலாம். அக்கா கதிரையிலிருந்து இறங்கவில்லை.

“சொல்லு,” என்றாள்.

வன அலுவலர் விரித்த வரைபடத்தில் அந்தக் கிடங்குகளைக் காட்டினேன். எதற்குக் கல் என்று பொலிஸ்காரர் கேட்டார். அக்கா இரண்டு கையாலும் காற்றில் அம்மி அரைத்துக் காட்டினாள். அவருக்கு அப்போதும் நம்பிக்கையில்லை. வன அலுவலர் மட்டும் தலையசைத்து, தன் பாட்டனும் அந்தக் கிடங்குகளில் கல் கொத்தினவர்தான் என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, நீங்களும் வாருங்கள், தெரிந்த குரல் நல்லது என்றார்.

ஜீப் வாகனத் தரிப்பிடம்வரை போனது. பிறகு நடை. டோர்ச் வெளிச்சம் மூடுபனியில் ஒரு வெள்ளைச் சுவராகத் திரும்பி வந்து முகத்தில் அடித்தது. மரத்திலிருந்த ஐந்தாம் இலக்க வட்டங்களை நாய்க்குப் பின்னால் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் போனோம். முதல்நாள் பகலில் நின்று கதைத்த பாதை என்று நம்ப முடியவில்லை. பொலிஸ்காரர் கையில் ஒலிபெருக்கி வைத்திருந்தார். அத்தானின் பெயரை அதில் கூப்பிட்டார். தார்மா, கூலா, சிங்காம் என்று பெயர் மூன்று துண்டாகிக் காட்டுக்குள் போனது. நின்று கேட்டோம். பதில் இல்லை. பாலத்தை நெருங்கியதும் மறுபடி கூப்பிட்டார். பதில் இல்லை. இங்கே ஒருவரும் இல்லை என்பதுபோல என்னைப் பார்த்தார். நானும் பெயர் சொல்லாமல் “அத்தான்” என்று கத்தினேன். தடிமன் பிடித்த தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

வன அலுவலர் அக்காவிடம், நீங்கள் கூப்பிடுங்கள் என்றார். அக்கா தயங்கினாள். பதினெட்டு வருடத்தில் அவள் கணவனின் பெயரை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ஜேர்மன் அலுவலகங்களில் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவாள். பொலிஸ்காரர் ஒலிபெருக்கியை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து, அடுப்படியிலிருந்து முன் அறைக்குக் கூப்பிடுகிற அதே ராகத்தில், “இஞ்சாருங்கோ…” என்று இழுத்தாள்.

“ஓம்,” என்று சத்தம் வந்தது. “இஞ்சை நிக்கிறன்.”

சத்தம் மிகக் கிட்டத்தில், பாலத்துக்குக் கீழ்ப்புறமாக, ஓடை வளையும் இடத்திலிருந்து வந்தது. அத்தான் நிற்கவில்லை. தண்ணீருக்குள் இருந்தார். இடுப்புவரை நனைந்து, ஒரு வேரைப் பிடித்திருந்தார். வலது கால் பார்க்க முடியாதபடி கோணியிருந்தது. உதடு நீலம். அக்கா கிட்டப் போய் அவருடைய தலையைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்தாள். வன அலுவலர் தன் மேலங்கியைக் கழற்றிப் போர்த்தினார். முதலில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோது ஏன் பதில் சொல்லவில்லை, கேட்கவில்லையா என்று பொலிஸ்காரர் கேட்டார். அக்கா மொழிபெயர்த்தாள்.

“கேட்டது,” என்றார் அத்தான் தமிழில், பல் அடிக்க. “கொஞ்சம் வேலை இருந்தது.”

அக்கா அதை மொழிபெயர்க்கவில்லை. கேட்கவில்லையாம் என்று சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மறுநாள்தான் அத்தான் எனக்குச் சொன்னார். கல்லோடு கிடங்கிலிருந்து ஏறும்போது பாசி வழுக்கிக் கால் முறிந்துவிட்டது. கத்திப் பார்த்தார், ஆளில்லை. பிறகு மூடுபனிக்குள் வெளிச்சமும் ஒலிபெருக்கிச் சத்தமும் வந்தன. அவருக்கு முதலில் வந்த எண்ணம் காப்பாற்ற வருகிறார்கள் என்பதல்ல. எந்தப் பக்கம் இருக்கிறேன் என்பது. பதில் சொல்லாமல், முறிந்த காலை இழுத்துக்கொண்டு, ஓடைச் சத்தத்தைப் பிடித்து ஊர்ந்திருக்கிறார். கல்லையும் உளியையும் வழியில் விட்டுவிட்டார்.

“அவன் கூப்பிட்டது பைலிலை கிடக்கிற ஆளை,” என்றார். “கொக்கா கூப்பிட்டது என்னை. வாய் தன்பாட்டிலை ஓம் எண்டிட்டுது.”

“அப்ப நீங்கள் ஓடையைக் கடந்து இஞ்சாலை வந்திட்டீங்களோ அத்தான்?”

அவர் கட்டிலின் மறுபக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

அந்த இரவு ஜீப்பில் பொலிஸ்காரர் அறிக்கை எழுதும்போது, ஆள் கிடந்த இடம் எந்தப் பக்கம் என்று வன அலுவலரைக் கேட்டது எனக்குத் தெரியும். அவர் நாயின் காலிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே ஒரு சொல் சொன்னார். ஓடையில் என்று அக்கா எனக்கு மெதுவாகச் சொன்னாள். பொலிஸ்காரர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வன அலுவலர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பல மாதங்கள் அக்கா தபால்காரனின் சைக்கிள் மணிக்கு எழுந்து யன்னலுக்கு வந்தாள். அந்தச் சம்பவம் பற்றி ஒரு கடிதமும் வரவில்லை.

லண்டனுக்குத் திரும்பி, மதிய இடைவேளையில் ஜெஃப்புக்கு இதைச் சொன்னேன். அவர் தன் தோள்பையிலிருந்து ஒரு விசிலை எடுத்து மேசையில் வைத்தார். ஆபத்தில் நிமிடத்துக்கு ஆறு முறை ஊத வேண்டும், எல்லா நாட்டு மலைகளிலும் அது விளங்கும், உங்கள் அத்தானுக்கு இதை அனுப்புங்கள் என்றார். அவரிடம் விசில் இருந்திருந்தாலும் ஊதியிருக்கமாட்டார் என்றேன். ஜெஃப்புக்கு அது விளங்கவேயில்லை. காப்பாற்ற வந்தவர்களிடமிருந்து ஒரு மனிதன் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். கவுன்சிலில் பதினொரு வருடம் வேலை செய்து, அவருடைய மொழியில் கணக்கு அறிக்கைகள் எழுதிய எனக்கு, அதற்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. விசிலை அனுப்பினேன். கிடைத்தது என்று அக்கா எழுதியிருந்தாள்.

அத்தானுக்கு 1997இல் வதிவிட அனுமதி கிடைத்தது. மறுவருடம் ஜூலையில் போயிருந்தபோது, நாங்கள் இருவரும் ஐந்தாம் இலக்கப் பாதையில் மறுபடி நடந்தோம். இப்போது அவருக்கு ஒரு கார்ட்போர்ட் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்த களைப்பு. வலது காலில் சிறு இழுப்பு. ஜேர்மனி முழுவதும் எந்த மாவட்டத்துக்கும் போகலாம். பலகைப் பாலத்தின் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கீழே தண்ணீர் முழங்காலுக்கும் வராது. நான் அக்கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் அங்கேயே நின்றார்.

“வாங்கோ அத்தான். இப்ப வரலாம்தானே.”

“ஓம், வரலாம்,” என்றார். வரவில்லை.

அந்த இடத்தில் நின்றுகொண்டு, ஐந்து வருடமாக நான் மறுபடி கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். “அண்டைக்கு நாங்கள் வரேக்கை நீங்கள் எந்தப் பக்கம் இருந்தனீங்கள்?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த மரங்களைப் பார்த்தார்.

“ஏன்?” என்றார். “இப்ப அவங்கள் கேக்கிறாங்களோ?”

என்னிடம் அந்தப் பகுதிக்கு இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன. ஒன்று 1993இல் அந்த ஊர்ப் புகையிரத நிலையக் கடையில் வாங்கியது. அதில் மாவட்ட எல்லைக்கோடு ஓடையின் நடுவாலேயே போகிறது. மற்றது பிந்திய பதிப்பு. லண்டன் வரைபடக் கடையொன்றில் சொல்லி எடுப்பித்தது. அதில் ஓடை வளைகிற அந்த ஓரிடத்தில் மட்டும் கோடு தண்ணீரை விட்டு விலகி, இக்கரைக்கு ஏறி, மறுபடி இறங்குகிறது. ஓடை முன்பு அப்படி ஓடியிருக்கலாம். முதலாவது சரியென்றால் அத்தான் இருந்தது எல்லைமேல். இரண்டாவது சரியென்றால், அவர் உடைந்த காலுடன் ஊர்ந்து வந்து சேர்ந்து, போதும் என்று நினைத்த இடமும் வெளியேதான். நில அளவை அலுவலகத்துக்குக் கேட்டு எழுதலாம். கடிதம் எழுதி, உறையில் விலாசமும் எழுதி, சட்டனில் என் மேசையில் வைத்திருக்கிறேன். பிரித்தானியப் பிரஜை ஒருவன் பழைய எல்லை பற்றிக் கேட்பதில் எந்தத் தீங்கும் வராது என்று எனக்குத் தெரியும். முத்திரை இன்னும் ஒட்டவில்லை. ஆகவே, 1993 ஒக்ரோபர் 16 மாலை எங்கள் அத்தான் அனுமதிக்கப்பட்ட மாவட்டத்துக்குள் இருந்தாரா, வெளியே இருந்தாரா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.